பாட்டுக்குள் இருந்தவர்கள்

அலமாரியின் மேல்தட்டில், பழைய துணிகளுக்கு அடியில் கிடந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். கல்லூரிக் காலத்து ஹெட்போன் உள்ளே இருந்தது. மெல்லிய எஃகுப் பட்டை, அதன் இரு முனையிலும் சின்ன வட்டங்கள், வட்டங்களின் மேல் கறுப்புப் பஞ்சு. விரல் பட்டதும் பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளங்கையெல்லாம் கறுப்பானது. அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. நாள்பட்ட ரப்பர் வாசனைக்கு அடியில் தேங்காயெண்ணெய் வாசனை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் யாரும் வாசற்படி தாண்டாத காலம் அது. எங்கள் விடுதி அறையில் இருந்த அத்தனை பேர் தலையெண்ணெயும் அந்தப் பஞ்சில் ஊறியிருந்தது.

பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்: "இத இன்னும் வச்சிருக்கீங்களாப்பா? எப்பப் பாத்தாலும் பாட்டு பாட்டுன்னு இருக்கீங்க. நல்லதா ஒண்ணு வாங்கிக்கங்களேன்."

ஓய்வு பெற்ற பிறகு நேரம் இருந்தது. ஆசையும் இருந்தது. நல்ல ஹெட்போனைத் தேடும் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அதோடு, இத்தனை வருஷமாக நான் எப்படியெல்லாம் பாட்டுக் கேட்டு வந்திருக்கிறேன் என்ற யோசனையும் ஆரம்பித்தது.

எனக்குப் பாட்டு முதலில் வந்தது குழாய் வழியாக. உசிலம்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர். என் தாய்மாமாவை அந்தச் சுற்றுவட்டாரத்தில் மைக் செட்டு மாமா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டு குழாய் ஸ்பீக்கர், வால்வு வைத்த ஒரு ஆம்ப்ளிஃபயர், மரப்பெட்டிக்குள் ரெக்கார்டு பிளேயர், தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டு, நாலைந்து சீரியல் செட்டு. இவ்வளவுதான் அவருடைய சொத்து. கோடை விடுமுறை வந்தால் நான் அவர் கூடவே போய்விடுவேன். இசைத்தட்டைத் துணியால் துடைத்துக் கொடுப்பதும், பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்குவதும் என் வேலை. பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம் ஓடினால் அதிகம். அதனால் இடத்தை விட்டு நகர முடியாது. ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததை எடுத்துத் துடைத்துத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

குழாய் கட்டுவதில் மாமாவுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஒன்றை விசேஷ வீட்டுப் பக்கமும் இன்னொன்றை வயல்காட்டுப் பக்கமும் திருப்பிக் கட்டுவார். வேப்பமரத்தின் மேலே நிற்கும் ஆளைப் பார்த்துக் கீழிருந்து குரல் கொடுப்பார்: "இன்னும் கொஞ்சம் தெக்காமத் திருப்புய்யா. களையெடுக்குறவுகளுக்குக் கேக்க வேணாமா?" விசேஷத்துக்கு வர முடியாதவர்களுக்கும் பாட்டில் பங்கு உண்டு என்பது அவர் கொள்கை.

எந்த விசேஷமானாலும் முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அதன் பிறகு வீட்டுக்குத் தக்கபடி பாட்டு மாறும். காதுகுத்தா, சடங்கா, கல்யாணமா என்பதை வரப்பில் நிற்கிறவருக்குப் பாட்டே சொல்லிவிடும். இழவு வீட்டில் போடும் 'பாத காணிக்கை' படத்தின் அந்தத் தத்துவப் பாட்டு கேட்டால், யார் வீட்டில் என்ன ஆயிற்றோ என்று கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வருவார்கள். இப்போது காலம் மாறிவிட்டது. இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. குழாய் ஸ்பீக்கரை இறக்கிவிட்டுப் பல ஊர்களில் பெட்டி ஸ்பீக்கர் வைத்துவிட்டார்கள். விடிய விடியப் பாட்டு ஓடிய திருவிழாக்களை என் மகளிடம் சொன்னால், அப்படியானால் எல்லோரும் எப்போது தூங்குவார்கள் என்று கேட்கிறாள்.

அந்தக் குழாய் வழியாக டி.எம்.எஸ்., சுசீலா, சீர்காழி, எல்.ஆர். ஈஸ்வரி என்று எல்லோரையும் கேட்டு, நூற்றுக்கணக்கான பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடம் செய்திருந்தேன். பாட்டு என்றால் எனக்குக் குரல்தான். குரலுக்குப் பின்னால் கணகணவென்று ஏதோ ஒரு சத்தம் வரும். அது என்ன வாத்தியம் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. அதன் காரணம் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைக் கேட்கக்கூடியது. குழாய் ஸ்பீக்கரில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது ஏறக்குறைய வரவே வராது. பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி அதிர்வது 41 ஹெர்ட்ஸில். பேச்சு புரிவதற்கு வேண்டிய நடுப்பகுதியை மட்டும் வீச்சாக எறிவதற்குச் செய்த கருவி குழாய் ஸ்பீக்கர். மூன்று வயல் தாண்டிப் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்டதற்கும், அதே பாட்டின் அடித்தளம் எனக்குக் கேட்காமலே போனதற்கும் ஒரே காரணம்தான்.

கல்லூரிக்கு மதுரை வந்தபோது கேசட் காலம். தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர். கடையில் தடித்தடியாக நோட்டுகள் இருக்கும். படவாரியாக எழுதிவைத்த பாட்டுப் பட்டியல். வேண்டியதைத் தேர்ந்து ஒரு தாளில் எழுதி, டி.டி.கே. 60 ஒன்றையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். "ஏ சைடுல ஒரு நிமிசம் மிச்சம் நிக்குது தம்பி, சின்னப் பாட்டு ஒண்ணு சொல்லுங்க" என்பார் கடைக்காரர். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று விடுதியில் கூடி உட்கார்ந்து இரவெல்லாம் பேசுவோம். இரண்டு நாள் கழித்துப் போனால் கேசட் தயாராக இருக்கும். உள்ளே வைத்த அட்டையில் படத்தின் பெயரையும் பாடியவர்கள் பெயரையும் அவர் மணி மணியாக எழுதியிருப்பார். வாசித்தவர்கள் பெயர் அவர் அட்டையில் இருக்காது. கம்பெனியிலிருந்து அச்சடித்து வந்த கேசட்டிலும் பெரும்பாலும் இருக்காது.

அந்த நாளில் பெரியப்பா மகன் துபாயிலிருந்து வந்தார். வந்தவர் என் கையில் ஒரு வாக்மேனைக் கொடுத்தார். டப்பாவில் நான் கண்டெடுத்த ஹெட்போன் அதோடு வந்ததுதான். 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டைத்தான் முதலில் கேட்டேன். டீக்கடையில் எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தியதும் கிதார் ஒவ்வொரு தந்தியாகக் காதுக்குள் விழுந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு பாட்டின் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பட்டது.

விடுதியில் வாக்மேன் ஒன்று, காதுகள் பல. வலது பக்க வட்டத்தை வெளிப்பக்கமாக முறுக்கி, இரண்டு பேர் தலையோடு தலை சேர்த்து ஆளுக்கு ஒரு காதாகக் கேட்போம். ஒரு பக்கம் வயலின்களும் மறுபக்கம் கிதாருமாகப் பிரித்து வைத்த ஸ்டீரியோப் பாட்டுகள் வந்துவிட்ட காலம். தமிழ்ப் படப் பாடல்களில் ஸ்டீரியோவை 1978இல் வந்த 'ப்ரியா'தான் தொடங்கிவைத்தது என்பார்கள். "என்னா வயலின்டா!" என்பான் இடது காதுக்காரன். "வயலினா? கிதாருல்லடா பின்னுறாய்ங்க!" என்பான் வலது காதுக்காரன். பாட்டு முடிந்ததும் பக்கம் மாற்றி மறுபடி கேட்டுச் சண்டையைத் தீர்த்துக்கொள்வோம். பாதிப் பாட்டு என்னிடம், மீதிப் பாட்டு அவனிடம். சேர்த்து முழுப் பாட்டாக்க இரண்டு பேரும் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சில்தான் நான் வாத்தியங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காணக் கற்றுக்கொண்டேன்.

சோனி நிறுவனம் 1979இல் வெளியிட்ட முதல் வாக்மேனில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன என்று பின்னாளில் படித்தேன். அதன் தலைவர் அகியோ மோரிட்டா சோதனைக் கருவியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்டபோது, தான் ஒதுக்கப்பட்டதாக அவர் மனைவி வருத்தப்பட்டாராம். அதனால்தான் இரண்டு பேர் சேர்ந்து கேட்க வழி செய்தார்கள். கேட்டுக்கொண்டே ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் வைத்தார்கள். பின்னால் வந்த மாடல்களில் அவை போய்விட்டன. எனக்குக் கிடைத்ததிலும் ஒரு துளைதான். அந்த இரண்டாவது துளை தொடர்ந்து இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிறகு வேலை, சென்னை, கல்யாணம், குழந்தை. பாட்டு என் வாழ்க்கையில் இருந்தது, ஆனால் ஓரத்துக்குப் போய்விட்டது. பிளாட்பாரத்தில் ஒரே வட்டில் நூற்றைம்பது பாட்டு என்று எம்பி3 சிடி விற்ற காலம் வந்தது. சிடியில் ஒரு விநாடி இசைக்கு ஒதுக்கிய தகவல் 1,411 கிலோபிட். அந்த மலிவு வட்டுகளில் பெரும்பாலும் 128. பதினொன்றில் ஒரு பங்கு. எதைக் கழித்துவிட்டு அப்படிச் சுருக்கினார்கள் என்று கேட்க எனக்கு நேரமில்லை. பேருந்து இரைச்சலை மறைக்க ஏதோ ஒன்று காதில் ஓடினால் போதும் என்ற நிலை. அப்புறம் செல்போனோடு வந்த இயர்போன்கள். ஒன்று போனால் இன்னொன்று. அவற்றில் எதன் முகமும் நினைவில் இல்லை.

வாங்குவது என்று முடிவானதும் முதலில் கொஞ்சம் படித்தேன். வானொலிக்காரர்களும் தொலைபேசிக்காரர்களும் வைத்திருந்த ஒரு சாதனத்தை வீட்டில் இசை கேட்பதற்கான பொருளாக மாற்றியவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ். 1958இல் அவர் கொண்டுவந்ததே முதல் ஸ்டீரியோ ஹெட்போன். அதன் பின் பத்து வருஷம் கழித்து, 1968இல், ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற மாடலை வெளியிட்டது. மஞ்சள் பஞ்சு வைத்தது. காதை மூடியிருந்த கிண்ணத்தின் பின்புறத்தைத் திறந்துவிட்ட முதல் ஹெட்போன் அது. மூடிய வகை, திறந்த வகை என்ற இந்தப் பிரிவுதான் இன்றைக்கும் வாங்குகிறவர் முன்னால் நிற்கும் முதல் கேள்வி.

சென்னையில் கேட்டுப் பார்த்து வாங்க வசதியுள்ள ஒரு கடைக்கு மகளோடு போனேன். நான் நன்றாக அறிந்த பாட்டுகளை மட்டும் எடுத்துப்போனேன். டி.எம்.எஸ்.ஸின் பழைய பாட்டு ஒன்று, அந்த நிலாப் பாட்டு, 1986இல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்', எம்.டி. ராமநாதன் கச்சேரி ஒன்று, காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். புதிய கருவியைச் சோதிக்கத் தெரியாத பாட்டை வைத்துப் பயனில்லை. தெரிந்த பாட்டு எங்கே மாறுகிறது என்பதில்தான் கருவியின் குணம் தெரியும்.

கடைத்தம்பி முதலில் எடுத்துக் கொடுத்தது வெளிச்சத்தத்தை அழிக்கும் மூடிய வகை. வெளியிலிருந்து வரும் இரைச்சலை உள்ளே இருக்கும் மைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அதை அழித்துவிடுகிறது. 1978இல் விமானப் பயணம் ஒன்றில் எஞ்சின் இரைச்சல் ஹெட்போன் இசையைக் கெடுத்தபோது போஸ் நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ் மனதில் உதித்த யோசனை. வங்கத்திலிருந்து அமெரிக்கா போன ஒருவரின் மகன் அவர். போட்டுக்கொண்டதும் கடை மறைந்துவிட்டது. சாலை மறைந்துவிட்டது. மகள் வாய் அசைவது தெரிந்தது, குரல் வரவில்லை. விமானத்திலும் ரயிலிலும் அலுவலகத்திலும் அது பெரிய வரம், சந்தேகமில்லை. ஆனால் நான் கேட்கப்போவது என் வீட்டில், மனைவி இருக்கும் அறைக்குப் பக்கத்தில்.

"அப்ப ஓப்பன் பேக் கேட்டுப் பாருங்க சார்" என்று இன்னொன்றைக் கொடுத்தார். கிண்ணத்தின் பின்பக்கம் வெறும் கம்பி வலை. வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்ளே ஓடும் பாட்டு வெளியே கசியும். அதை மாட்டியதும் எம்.டி. ராமநாதனின் தம்புரா என்னைச் சுற்றி விரிந்தது. பின்பக்கம் திறந்திருப்பதால் ஒலி கிண்ணத்துக்குள் மோதித் திரும்புவதில்லை. கூடத்தில் உட்கார்ந்து கேட்கும் விரிவு கிடைக்கிறது. மகள் "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டதும் கேட்டது. வேறொன்றை மாட்டிக் கேட்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. எந்த மாடல் என்று சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். காதை முழுவதும் சூழும் திறந்த வகை, 300 ஓம் மின்தடை கொண்டது என்பது போதும்.

அந்த 300 ஓம் விஷயத்தைக் கடைத்தம்பி பொறுமையாக விளக்கினார். செல்போனோடு வரும் இயர்போன்கள் வழக்கமாக 16 அல்லது 32 ஓம். போன் கொடுக்கும் சின்ன மின்னழுத்தம் அவற்றுக்குப் போதும். 300 ஓமுக்கு அது போதாது, பாட்டு கேட்கும், ஆனால் சத்தமும் உயிரும் குறைந்து நிற்கும். அதனால் எண்களாக இருக்கும் இசையை மின்னலையாக மாற்றவும், அதை வலுப்படுத்தவும் தனியாக ஒரு சின்னப் பெட்டி வேண்டும். மாமாவின் ஆம்ப்ளிஃபயரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இது சட்டைப் பையில் அடங்கியது.

வீட்டுக்கு வந்த புதிதில் அது தலையை இறுக்கியது. புதுச் செருப்பு காலைக் கடிக்கிற மாதிரிதான். காதுக்கு முன்னால், கண்ணாடியின் கம்பி போகும் இடத்தில் வலி. இரவு தூங்கப் போகும்போது அதன் பட்டையை விரித்து அபிதான சிந்தாமணியின் மேல் மாட்டி வைத்தேன். வீட்டில் இருந்த புத்தகங்களில் அதுதான் தலை அகலத்துக்கு இருந்தது. சில இரவுகளில் பட்டை இளகிவிட்டது. சென்னை வெயிலுக்கு அதன் வெல்வெட் உறைக்குள் காது கொஞ்சம் வேர்த்தது. மாலைக்கு மேல் கேட்பது என்று வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். மூன்று மீட்டர் நீளக் கம்பி நாற்காலிக் காலில் சுற்றிக்கொள்ளாமல் எழுந்து நடக்கப் பழகினேன்.

உடம்பு பழகியது சீக்கிரம். காது பழகத்தான் நாள் பிடித்தது. முதல் வாரம் பாட்டில் ஏதோ குறைகிறது என்றே தோன்றியது. 'தும் தும்' என்று நெஞ்சில் இடிக்கும் அடி இதில் இல்லை. இத்தனை வருஷம் கேட்ட மலிவான இயர்போன்கள் தாழ்ந்த ஒலியை ஊதிப் பெருக்கிக் கொடுத்துவந்தன. அந்த ஊதலைத்தான் பாட்டின் இயல்பு என்று என் காது எடுத்துக்கொண்டிருந்தது. புதிய ஹெட்போனைப் பல மணி நேரம் ஓடவிட்டால் அதன் சவ்வு இளகிச் சத்தம் மாறும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கருவியில் மாறியதைவிட என் காதில் மாறியதே அதிகம் என்பது என் அனுபவம். தினமும் மாலையில் ஒரு பாட்டை முழுவதுமாக, இடையில் தாவாமல், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேட்டேன். அவ்வளவுதான் பயிற்சி.

ஒரு மாலையில் காது திறந்துகொண்டது. எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்று. சரணத்தில் குரலும் தபேலாவும் மட்டும்தான் என்று நான் இத்தனை காலம் எண்ணியிருந்த இடத்தில், அடியில் ஒரு பேஸ் கிதார் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போயிற்று. குரல் இறங்கும்போது அது ஏறுகிறது. குரல் நிற்கும் இடத்தில் அது பேசுகிறது. அதைக் கவனித்த பிறகு குரலுக்குத் திரும்ப மனம் வரவில்லை. முதலிலிருந்து போட்டு அந்தத் தந்தியை மட்டும் பிடித்துக்கொண்டு பாட்டு முழுவதும் நடந்தேன். யார் இவர் என்று தேடினேன். இளையராஜாவுக்கு நெடுங்காலம் பேஸ் கிதார் வாசித்தவர் சசிதரன் என்று தெரிந்தது. நான் மனப்பாடமாகப் பாடிக்கொண்டு திரிந்த பாட்டுகளில், என் இளமை முழுவதும், அவர் என்னோடு இருந்திருக்கிறார்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நிலாப் பாட்டில் என்னைத் திரும்பிப் பார்க்கவைத்த கிதார் ஆர். சந்திரசேகருடையது. 'ஹவ் டு நேம் இட்'டில் முன்னின்று வாசிக்கும் வயலின் வி.எஸ். நரசிம்மனுடையது. டிரம்ஸில் புருஷோத்தமன், கீபோர்டில் விஜி மானுவல், புல்லாங்குழலில் நெப்போலியன். நெப்போலியன்தான் அருண்மொழி என்ற பெயரில் பாட்டும் பாடியவர். எம்.எஸ். விஸ்வநாதன் பாட்டுகளில் இழைந்து வரும் அக்கார்டியன் மங்களமூர்த்தியுடையது. தனித்தனித் தடங்களில் பிரித்துப் பதிவு செய்யும் வசதி வருவதற்கு முன்னால், பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. ஆக, பழைய பாட்டு ஒவ்வொன்றும் பல பேர் சேர்ந்து மூச்சடக்கி நின்ற சில நிமிஷங்கள். கோரஸ் பாடும் பெண்களில் ஒருவர் மற்றவர்களுக்கு ஒரு நொடி முன்னதாக மூச்சை உள்ளிழுப்பது ஒரு பாட்டில் கேட்டது. வரப்போகும் வரிக்காக அவர் எவ்வளவு ஆயத்தமாக நின்றிருக்கிறார்!

மோனோவில் பதிவான அறுபதுகளின் பாட்டுகள் வேறு வகை அனுபவம். அவை இடமும் வலமும் பிரிவதில்லை. இரண்டு காதிலும் ஒன்றே ஒலிப்பதால் டி.எம்.எஸ். நேரே என் நெற்றிக்குள் நின்று பாடுகிறார். முதலில் விசித்திரமாக இருந்தது. பழகியபின், அந்த நெருக்கத்துக்காகவே அவற்றைக் கேட்கிறேன். நல்ல ஹெட்போன் குறைகளையும் மறைக்காது. பழைய எம்பி3 கோப்புகளைப் போட்டால் ஜால்ராவின் முனை கரைந்துபோய் 'உஷ்' என்று கேட்கிறது. நல்ல பிரதியைத் தேடி எடுத்துக் கேட்டால் அதே ஜால்ரா வெண்கலமாக ஒலிக்கிறது. பழைய ஒலிநாடாக்களை நன்றாகப் பாதுகாத்து நல்ல முறையில் மாற்றியெடுப்பது எவ்வளவு அவசியம் என்பதை அந்த ஒரு வித்தியாசமே எனக்குச் சொல்லிவிட்டது.

திறந்த வகையைத் தேர்ந்ததற்கு வீட்டில் தினமும் சந்தோஷப்படுகிறேன். மின்விசிறிச் சத்தம் கொஞ்சம் வரும், குக்கர் விசில் வரும். "ஏங்க, பால் காய்ஞ்சிருச்சு" என்பதும் வரும். என் காதிலிருந்து கசிவதைக் கேட்டு, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் மனைவி அடுத்த வரியை முணுமுணுப்பாள். சில சமயம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தானும் மாட்டிக்கொள்வாள். அவள் காதில் முதலில் விழுவது வயலின்தான். எனக்குக் கேட்காத ஒன்றை அவள் சொல்லி, நான் மறுபடி போட்டுப் பார்ப்பேன். விடுதிச் சண்டை இந்த வீட்டில் மீண்டும் நடக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஹெட்போனை மாமாவிடம் கொண்டுபோனேன். எண்பது தாண்டிவிட்டது. ஆயுசெல்லாம் குழாய்க்கு அடியில் நின்றதில் காது மந்தம். அவருக்குப் பிடித்த காருகுறிச்சியைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. பாதியில் கழற்றி என் கையில் கொடுத்தார். "சீவாளியில ஊதுற மூச்சு வரைக்கும் கேக்குது மாப்ள. அம்புட்டு சுத்தம்." கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான் பாட்டப் போட்டுட்டு சனங்க மூஞ்சியத்தான் பாப்பேன். எந்தப் பாட்டுக்கு எந்த மூஞ்சி மலருதுன்னு பாத்துத்தான் அடுத்த தட்ட எடுப்பேன். இதுல யாரு மூஞ்சியும் தெரியலையேய்யா."

அவர் சொன்னதை நான் பல நாள் யோசித்தேன். அவருடைய குழாய் எனக்கு ஊரைக் கொடுத்தது. பாட்டு என்பது நாலு பேரோடு இருப்பது என்று கற்றுக்கொடுத்தது. ஆனால் பாட்டுக்குள் இருந்தவர்களை அதனால் காட்ட முடியவில்லை. ஹெட்போன் அவர்களைக் காட்டுகிறது. கேட்கிறவர்களைக் காட்டுவதில்லை. ஒன்று கொடுத்ததை இன்னொன்றால் ஈடுகட்ட முடியாது. இரண்டும் வேண்டும் என்றால், கேட்டதை நாம்தான் வெளியே எடுத்துப் போக வேண்டும்.

வயதாக ஆக உச்ச ஒலிகள்தான் காதை விட்டு முதலில் போகும். என் மகளுக்குக் கேட்கிற சில்லென்ற ஒலிகள் எனக்குக் கேட்பதில்லை. அதனால் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்கிறது. நான் அதற்கும் கீழே, பேச்சுக் குரல் அளவில் கேட்கிறேன். சத்தத்தைக் குறைத்தபின் கவனம் கூடியது. பதினெட்டு வயதில் கூர்மையான காது இருந்தது. ஆனால் பேஸ் கிதார் அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறது.

இன்றைக்கும் பாட்டுக் கேட்கும் செயலிகள் பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயரோடு நின்றுவிடுகின்றன. கேசட் அட்டையில் விடுபட்ட பெயர்கள் அங்கேயும் விடுபட்டே இருக்கின்றன. அந்தக் கலைஞர்களில் பலர் பேட்டிகளில் தாங்கள் வாசித்த பாட்டுகளைச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றைத் தேடிப் படித்து, பாட்டுக்கு நேரே வாசித்தவர் பெயரை எழுதிவைக்க ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். ரெக்கார்டிங் சென்டர் நோட்டு மாதிரியே படவாரியாக. நிறைய இடம் காலியாக இருக்கிறது. மகளும் சேர்ந்து தேடுகிறாள்.

புதிதாக நல்ல ஹெட்போன் வாங்குகிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த பாட்டிலிருந்து தொடங்குங்கள். காதுக்குச் சில வாரம் அவகாசம் கொடுங்கள். பாடுகிறவரைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் வாசிக்கிறவரோடு போங்கள். அவர் யார் என்று தேடுங்கள். பெயர் கிடைத்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களைக் கூப்பிட்டு அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.